பழைய விண்டோஸ் நிரலை உபுண்டுவில் ஓட வைத்தது: டாட்நெட்டோடு ஒரு கைவேலை

எங்கள் பக்கத்து வாசகசாலையில் ஒரு புத்தகப் பதிவேட்டு நிரல் இருந்தது. புத்தகப் பெயர், ஆசிரியர், வரிசை எண், யார் எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தந்தார், அவ்வளவுதான். ஒரு கல்லூரி மாணவர் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். அது ஓடிய விண்டோஸ் 7 கணினியின் மதர்போர்டு போனதும் எல்லாம் நின்றது. ஹார்ட் டிஸ்க் பிழைத்ததால் மூலநிரலும் தரவும் கைக்கு வந்தன. மாற்றாகக் கிடைத்தது 4 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லேப்டாப். விண்டோஸ் 11 அதில் ஏறாது. உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன்.

"தம்பி, ஸ்கிரீன் பழைய மாதிரியே இருக்கணும்னு இல்ல. தேடினா கிடைக்கணும், அகர வரிசையில வரணும். அது போதும்" என்றார் பொறுப்பாளர் அண்ணாச்சி. கேட்க எளிதாகத்தான் இருந்தது. கடைசியில் நேரத்தையெல்லாம் தின்றது அந்த இரண்டு நிபந்தனைகளும்தான்.

சி ஷார்ப் நிரல்களை ஓட்டும் தளமான டாட்நெட் விண்டோஸோடு ஒட்டிப் பிறந்தது என்ற நினைப்பு இன்னும் பலருக்கு உண்டு. 2014 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதன் மையப் பகுதியைத் திறந்த மூலமாக்குவதாக அறிவித்தது. 2016 ஜூனில் டாட்நெட் கோர் 1.0 வெளியானது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், உரிமம் எம்ஐடி என்ற தாராளமான திறந்த மூல உரிமம். 2020-இல் பதிப்பு 5 வந்தபோது பெயரிலிருந்து 'கோர்' உதிர்ந்தது. பழைய 'டாட்நெட் ஃபிரேம்வொர்க்' வேறு சங்கதி. அது 4.8 வரிசையோடு நின்றுவிட்டது, விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இணையத்தில் உதவி தேடும்போது எந்த டாட்நெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நிறுவுவதில் சொல்ல அதிகம் இல்லை. உபுண்டு 24.04-இன் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே பதிப்பு 8 இருக்கிறது. 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று தட்டி, 'டாட்நெட்-எஸ்டிகே-8.0' என்று பொதியின் பெயரைக் கொடுத்தால் போதும். எஸ்டிகே என்பது நிரல் எழுதுவதற்கான கருவித்தொகுப்பு. (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.) இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. உபுண்டுவின் களஞ்சியம், மைக்ரோசாஃப்டின் களஞ்சியம் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு பொதி இங்கிருந்தும் இன்னொன்று அங்கிருந்தும் வந்தால், இரண்டும் வெவ்வேறு கோப்புறைகளில் போய் உட்காரும். அப்புறம் 'ஹோஸ்ட் எஃப்எக்ஸ்ஆர் கோப்புறை இல்லை' என்று ஒரு பிழை வரும். எதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு உபுண்டுவினுடையதே போதுமாக இருந்தது.

நிறுவியதும் நான் செய்த இன்னொரு வேலை, டெலிமெட்ரியை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் நேரடியாகத் தரும் டாட்நெட்டின் கட்டளைக் கருவி பயன்பாட்டுத் தகவலை அனுப்பும். 'டாட்நெட் சிஎல்ஐ டெலிமெட்ரி ஆப்ட்அவுட்' என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்தால் அனுப்பாது. இதை முதல் ஓட்டத்திலேயே திரையில் சொல்லிவிடுகிறார்கள், ஒளிக்கவில்லை.

பழைய நிரலின் திரை, சன்னல்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதப்பட்டது. அதன் மூலநிரல் இன்று திறந்திருந்தாலும் ஓடுவது விண்டோஸில் மட்டும். மாவி என்ற புதிய திரைக் கட்டமைப்பு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், மேக், விண்டோஸ் என்று பலவற்றுக்கும் போகும், ஆனால் லினக்ஸ் மேசைக்கணினியை அதிகாரபூர்வமாகத் தொடுவதில்லை. 'எல்லா இடத்திலும் ஓடும்' என்ற விளம்பர வரியைப் படித்துவிட்டு நேராக அதில் குதிப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். லினக்ஸில் சன்னல், பொத்தான் வேண்டுமென்றால் அவலோனியா என்ற கட்டமைப்பு இருக்கிறது. அதுவும் எம்ஐடி உரிமம். டெர்மினல் நிரலாகவே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் பல டெர்மினல்களில் தமிழின் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும், அண்ணாச்சி அதை ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார்.

அதனால் வலைப்பக்கமாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோப்பதை உலாவி பார்த்துக்கொள்ளும். ஒரு கோப்புறைக்குள் போய் 'டாட்நெட் நியூ வெப்' என்று தட்டியதும் அதற்குள் நான்கைந்து வரியில் ஒரு நிரல் கோப்பு வந்துவிடும். 'டாட்நெட் ரன்' என்றால் கெஸ்ட்ரல் என்ற உள்ளமை வலை வழங்கி எழுந்து நிற்கும். அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ போன்ற தனி வழங்கி வேண்டாம். 'டாட்நெட் வாட்ச்' என்று ஓட்டினால் கோப்பைச் சேமித்த கையோடு மாற்றம் பக்கத்தில் தெரியும். தொடங்குபவர்கள் ரன்னை விட்டுவிட்டு முதலிலேயே வாட்ச்சைப் பிடித்துக்கொள்ளலாம்.

பழைய நிரலில் திரைக்கு வெளியே இருந்த வகுப்புகளை, அதாவது புத்தகம், உறுப்பினர், இரவல் என்ற மூன்றையும், கை வைக்காமல் அப்படியே புதிய திட்டத்தில் கொண்டுவந்து போட்டேன். தொகுத்தது, ஒரு பிழையும் இல்லை. ஓடியது, அதிலும் பிழை இல்லை. ஆனால் 'டேட்டா' கோப்புறையைத் திறந்து பார்த்தால் காலி. பழைய நிரல், கோப்பின் பாதையை விண்டோஸ் பாணியில் பின்சாய்வுக் கோடு (\) போட்டு நேரடியாக எழுதியிருந்தது. லினக்ஸில் பின்சாய்வுக் கோடு கோப்பின் பெயரில் வரக்கூடிய ஒரு சாதாரண எழுத்து. ஆகவே கோப்புறைக்குள் எழுதாமல், பெயருக்கு நடுவே ஒரு பின்சாய்வுக் கோட்டோடு வெளியிலேயே ஒரு கோப்பு உருவாகியிருந்தது. பிழைச் செய்தி வராத பிழைகள்தான் இந்த இடம்பெயர்ப்பில் பெரும்பாலும். பாதைகளையெல்லாம், இயங்குதளத்துக்கு ஏற்ற கோட்டைத் தானே போடும் 'பாத்.கம்பைன்' வழியாக மாற்றினேன். அப்புறம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. இதுவாவது 'கோப்பு இல்லை' என்று வாய் திறந்து சொல்லிவிடும்.

தேதிதான் இன்னும் மோசம். பழைய நிரல் தேதியை எந்த வடிவமும் குறிப்பிடாமல் சரமாக்கிக் கோப்பில் எழுதியிருந்தது. அந்தக் கணினியின் அமைப்பு இந்திய வடிவம் என்பதால் 13-08-2019 என்று நாள், மாதம், ஆண்டாக விழுந்திருக்கிறது. இந்த லேப்டாப்பின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலம். 13-ஆம் மாதம் கிடையாது என்பதால் அந்த வரி விதிவிலக்கு எறிந்து, அதாவது ஓட்டத்தின் நடுவே பிழை சொல்லி, நின்றது, நல்லதாயிற்று. 05-08-2019 என்ற வரியோ ஒன்றும் சொல்லாமல் மே 8 ஆக உள்ளே போயிருக்கும். ஒவ்வொரு மாதத்திலும் 12-ஆம் தேதி வரை இந்த ஆபத்து உண்டு. படிக்கும்போது 'பார்ஸ் எக்ஸாக்ட்' கொண்டு வடிவத்தைக் கையில் கொடுத்தேன். எழுதும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை மட்டும். கணினியின் மொழி அமைப்பை நம்பித் தேதியைக் கோப்பில் எழுதும் நிரல் எந்த மொழியில் இருந்தாலும் இதே கதைதான்.

தரவை எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்துக்கு மாற்றினேன். மைக்ரோசாஃப்ட்.டேட்டா.எஸ்கியூலைட் பொதியைச் சேர்த்தால் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் உரிய நூலகங்கள் கூடவே வந்துவிடும். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பட்டியலை வரிசைப்படுத்தி எடுத்துத் திரையில் போட்டு அண்ணாச்சியிடம் காட்டினேன். ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். "என்ன தம்பி, 'கனவு' மேல இருக்கு, 'கப்பல்' கீழ கிடக்கு?"

காரணம் இது. எஸ்கியூலைட் வரிசைப்படுத்துவது வெறும் பைட் வரிசையில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு தந்திருக்கும் எண்ணின் வரிசையில். யூனிகோடின் தமிழ்ப் பகுதி மற்ற இந்திய எழுத்துகளின் அடுக்கைப் பின்பற்றியது. அதில் 'ந'வுக்கு அடுத்து 'ன', அதற்குப் பிறகுதான் 'ப'. 'ர'வுக்கு ஒட்டி 'ற'. 'ல'வுக்குப் பின் 'ள', 'ழ', அப்புறம்தான் 'வ'. 'ஜ' போய் 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். நாம் படித்த வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடியும், கிரந்த எழுத்துகள் அதற்கும் கடைசி. ஆகவே மரம், மலை, மழை, மனம் என்று வரவேண்டியது மனம், மரம், மலை, மழை என்று வந்து நிற்கிறது. 'ஜன்னல்' என்று தொடங்கும் தலைப்பு 'வாசல்' என்பதற்குக் கீழே போகாமல் எங்கோ மேலே நிற்கிறது.

டாட்நெட்டின் உள்ளே இதற்கு விடை தயாராக இருக்கிறது. லினக்ஸில் அது ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தை நம்பியிருக்கிறது. ஐசியூவுக்குத் தமிழ் வரிசை தெரியும். இரண்டு சரங்களைத் தமிழ், இந்தியா என்ற பண்பாட்டு அமைப்பைக் கொடுத்து ஒப்பிட்டால் சரியான விடை வருகிறது. எஸ்கியூலைட்டுக்கு இதை எப்படிச் சொல்வது? இணைப்பைத் திறந்ததும் 'கிரியேட் கொலேஷன்' என்று அழைத்து, 'தமிழ்' என்று ஒரு பெயர் வைத்து, அந்த ஒப்பீட்டுச் செயற்கூற்றை ஒப்படைத்துவிடலாம். அதன் பிறகு வினவலில் 'ஆர்டர் பை' பகுதியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் போதும், தரவுத்தளம் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் நம் சி ஷார்ப் நிரலைக் கூப்பிட்டுக் கேட்கும். ஒரே வரிதான். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

ஐசியூவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கணினியில் இல்லை என்றால், சரியான ஐசியூ பொதி காணோம் என்று சொல்லி நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிடும். இணையத்தில் தேடினால் வரும் உடனடி வைத்தியம், எந்த மொழியின் விதியையும் பார்க்காத 'இன்வேரியன்ட்' நிலையை இயக்கு என்பது. ஆங்கிலத் தரவு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. அதை இயக்கினால் எல்லா ஒப்பீடும் எண் வரிசைக்குப் போய்விடும்; பதிப்பு 6 முதல், அந்த நிலையில் தமிழ்ப் பண்பாட்டு அமைப்பைக் கேட்டால் விதிவிலக்கே எறியும். நமக்கு வேண்டியது ஐசியூவை நிறுவுவது. உபுண்டுவில் எஸ்டிகே பொதியோடு அது வந்துவிடும். நிரலைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் டாக்கரில், ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் படிமத்தை எடுப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்: அந்தப் படிமத்தில் இன்வேரியன்ட் நிலை இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டு 'ஐசியூ-லிப்ஸ்' போட்டாலும் போதாது, அதோடு வருவது ஆங்கிலத் தரவுதான். 'ஐசியூ-டேட்டா-ஃபுல்' என்ற பொதியையும் சேர்க்க வேண்டும்.

இதே அமைப்பில் எண்களும் வருகின்றன. தமிழ், இந்தியா என்று கொடுத்தால் 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழும். தமிழ், சிங்கப்பூர் என்றால் 1,234,567. மொழி ஒன்றானாலும் நாட்டுக் குறி கணக்கை மாற்றிவிடுகிறது, அதனால் நாட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

வரிசை முடிந்ததும் தேடல். முதலில் 'கொடி' என்று தேடினால் சில புத்தகங்கள் வந்தன, சில வரவில்லை. திரையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விசைப்பலகைகளில் ஏற்றிய பட்டியல் என்பதால் இரண்டும் கலந்து கிடந்தன. சரத்தின் மீது 'நார்மலைஸ்' என்று அழைத்தால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். உள்ளே ஏற்றும்போது ஒரு முறை, தேடல் சொல் வரும்போது ஒரு முறை, அவ்வளவுதான்.

ஔகாரம்தான் மிச்சமிருந்தது. 'ஔவையார்' என்று தேடினால் பாதிப் புத்தகங்கள் இல்லை. ஒ-வும் ள-வும் சேர்த்து 'ஒளவையார்' என்று தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, யூனிகோடுக்கு அது வேறு எழுத்துகள். நார்மலைஸ் இதைத் தொடாது, தொடவும் கூடாது. எல்லா 'ஒள'வையும் 'ஔ' ஆக்கிவிட்டால் 'ஒளி' என்று தொடங்கும் தலைப்புகள் நாசமாகும். சொல்லின் தொடக்கத்தில் 'ஒள' வந்து, அந்த ள-வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லையென்றால் மட்டும் மாற்று என்று ஒரு விதி எழுதினேன். இலக்கணப்படி இது முழுமையான விதி இல்லை. மாறிய தலைப்புகளை மட்டும் தனியே அச்சிட்டு அண்ணாச்சியிடம் கொடுத்தேன். பேனாவோடு உட்கார்ந்து சரிபார்த்துத் தந்தார், எதுவும் கெட்டிருக்கவில்லை.

பட்டியலின் ஆகப் பழைய பகுதி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டிய உரைக்கோப்பு. எழுத்துருவை எடுத்துவிட்டால் 'தமிழ்' என்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதோடு ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். கோப்பைத் திறக்கும்போதே 1252 என்ற குறியாக்கத்துக்குத் தரவு இல்லை என்று டாட்நெட் மறுத்தது. பழைய ஃபிரேம்வொர்க்கில் இருந்த விண்டோஸ் குறியாக்கங்கள் புதியதில் இயல்பாகத் திறந்திருக்காது; 'கோட்பேஜஸ் என்கோடிங் புரொவைடர்' என்பதைப் பதிவுசெய்தால் கிடைக்கும். எழுத்து மாற்ற அட்டவணை எழுதியது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

தமிழோடு வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. வாராந்திரக் காப்பு நகலை ஜேசன் என்ற உரை வடிவக் கோப்பாக எழுத வைத்தேன், யாரும் நோட்பேடில் திறந்து படிக்கலாம் என்பதற்காக. திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை, எல்லாம் பின்சாய்வுக் கோடும் யூவும் எண்களும். டாட்நெட்டின் ஜேசன் நூலகம் பாதுகாப்பு கருதி ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை இப்படி மாற்றி எழுதும். யூடிஎஃப்-8-இல் 3 பைட் பிடிக்கும் ஓர் எழுத்து 6 பைட் ஆகிவிடும். குறிமுறை மாற்றியை உருவாக்கும்போது அனுமதிக்கும் எழுத்து வரம்பில் 'யூனிகோடு ரேஞ்சஸ்.தமிழ்' என்பதைச் சேர்த்தால் தமிழ் தமிழாகவே விழும். டாட்நெட்டில் வலைப்பக்கம் எழுத உதவும் ரேசர் பக்கங்களிலும் இதே நடத்தைதான். உலாவியில் சரியாகத் தெரியும், பக்கத்தின் மூலத்தைப் பார்த்தால் எண்கள். அதற்கும் இதே மருந்து.

எக்செலுக்கு அனுப்பும் சிஎஸ்வி கோப்பில் பிரச்சினை தலைகீழ். டாட்நெட் யூடிஎஃப்-8-ஐத் தொடக்கக் குறி இல்லாமல் எழுதும். அந்தக் குறி இல்லாவிட்டால் எக்செல் தமிழைக் குப்பையாகக் காட்டும். அந்தக் கோப்புக்கு மட்டும் குறியோடு எழுதச் சொன்னேன்.

வெளியீட்டுக்கு இரண்டு வழி. லேப்டாப்பில் டாட்நெட் இருக்கிறது என்று நம்பிச் சின்னதாக வெளியிடலாம், அல்லது இயக்கச்சூழலையும் உள்ளே வைத்துத் தன்னிறைவாக வெளியிடலாம். இரண்டாவதில் அளவு பல பத்து எம்பிக்குப் போகும். நான் சின்னதையே எடுத்தேன், உபுண்டுவின் புதுப்பிப்போடு பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வந்துவிடும் என்பதால். வேறு யாராவது விண்டோஸில் கேட்டால், இதே லினக்ஸ் கணினியில் இருந்தே 'வின்-எக்ஸ்64' என்ற இலக்கைக் கொடுத்து இஎக்ஸ்இ எடுக்கலாம். ராஸ்பெர்ரி பை என்றால் 'லினக்ஸ்-ஆர்ம்64', அதில் 64 பிட் இயங்குதளம் இருக்க வேண்டும். முதல் தலைமுறைப் பையிலும் பழைய ஸீரோவிலும் டாட்நெட் ஓடாது.

கணினியைப் போட்டதும் நிரல் தானே எழ வேண்டும் என்பதால், லினக்ஸில் பின்னணி நிரல்களை எழுப்பும் சிஸ்டம்டியின் சேவையாக்கினேன். சேவைக் கோப்பில் 'வொர்க்கிங் டைரக்டரி' வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் நிரல் எழும், ஆனால் பாணிக் கோப்பும் படங்களும் கிடைக்காமல் பக்கம் மொட்டையாக நிற்கும். கெஸ்ட்ரல் இயல்பாக அந்தக் கணினிக்குள் மட்டும் 5000-ஆம் போர்ட்டில் காது கொடுக்கும். வாசகசாலை வைஃபையில் உள்ள போன்களிலும் பட்டியல் தெரிய வேண்டும் என்று அண்ணாச்சி ஆசைப்பட்டதால் 'யூஆர்எல்ஸ்' அமைப்பில் நான்கு பூஜ்ய முகவரியை (0.0.0.0) கொடுத்தேன். அதோடு, இரவல் பதிவை மாற்றும் பக்கங்களை லேப்டாப்பில் இருந்து மட்டும் திறக்கும்படி கட்டினேன். வைஃபைக்குள் இருக்கும் யாரும் யார் கணக்கிலும் கை வைக்கலாம் என்று விடுவது சரியில்லை.

பதிப்பு 8-க்கு ஆதரவு 2026 நவம்பர் வரைதான். 2025 நவம்பரில் வந்த 10-உம் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. என் கணினியில் திட்டக் கோப்பில் 'நெட்8.0' என்பதை 'நெட்10.0' ஆக்கி, எஸ்கியூலைட் பொதியையும் உயர்த்தி ஓட்டிப் பார்த்துவிட்டேன். மரம், மலை, மழை, மனம் அதே வரிசையில் வந்தன. வாசகசாலை லேப்டாப்பில் ஆண்டுக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு மாற்றுவதாக இருக்கிறேன், நடுவில் கை வைத்தால் அண்ணாச்சி விடமாட்டார்.